ஐப்பசியில் கெட்டுப்போன பாட்டில்

தாளடி நடவுக்காக மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். வயலில் இறங்கியதும் காலில் ஒரு நீலக் கயிறு சுற்றிக்கொண்டது. என்றோ நாற்றுமுடி கட்டிய பிளாஸ்டிக் கயிறு. முடிச்சுகூட அவிழவில்லை. அப்பாயி காலத்தில் வைக்கோலாலோ வாழைநாராலோ கட்டுவார்கள். அது சேற்றிலேயே மக்கிவிடும்.

என் ஆராய்ச்சியும் மக்குவதைப் பற்றியதுதான். வினைல் பலபடிகள், அதாவது வினைல் வகைச் சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள், அவற்றின் முதுகெலும்பு முழுக்கக் கார்பன்-கார்பன் பிணைப்பு. தண்ணீர் கைவைக்க அதில் இடமே கிடையாது. நடுநடுவே எஸ்டர் என்ற, தண்ணீரால் உடையக்கூடிய கண்ணிகளைச் செருகினால் அங்கே அறுபடும். அதற்கு 2-மெத்திலீன்-1,3-டையாக்செப்பேன் என்ற ஏழணு வளையம் உதவுகிறது. தனி உறுப்பு (free radical), அதாவது இணையில்லா எலக்ட்ரான் கொண்ட துடிப்பான துண்டு ஒன்று, அதன் இரட்டைப் பிணைப்பில் ஒட்டியதும் வளையம் திறந்து சங்கிலியில் சேருகிறது. திறந்த இடம் எஸ்டராகிவிடுகிறது. இப்படித் தனி உறுப்பு வழியிலேயே பாலிகாப்ரோலாக்டோன் என்ற மக்கும் பாலியெஸ்டரின் அமைப்பு கிடைப்பதை 1982-இல் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பெய்லி குழு வெளியிட்டது.

வெள்ளைப் பசையின் மூலப்பொருளான வினைல் அசிட்டேட்டோடு இது நன்றாகச் சேரும். தெர்மகோலின் மூலப்பொருளான ஸ்டைரீனுக்கு இதைக் கண்டாலே ஆகாது. தன்னோடு தானே கைகோத்துக்கொண்டு போய்விடும். நீலக் கயிறோ பாலிபுரோப்பிலீன். அதைச் செய்யும் வழியே வேறு, என் வேலை அதைத் தொடப்போவதில்லை. ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், தண்ணீரில் அறுபடும் பொருளைச் செய்ய உதவும் இந்த வளையத்துக்குத் தண்ணீரே ஆகாது. அமிலச் சுவடு இருந்தால் இன்னும் மோசம். கண்ணாடிக் குடுவைகளைக் காரநீரில் அலசி, அடுப்பில் காயவைத்த பிறகுதான் தொடவேண்டும். போன ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு நாள், பாட்டிலின் ரப்பர் மூடியைச் சரியாக அழுத்தாமல் சாப்பிடப் போய்விட்டேன். மூன்று வாரம் உழைத்து வடித்த திரவம். மறுநாள் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். சோதனை எடுத்தால் பாதி 4-ஹைட்ராக்சிபியூட்டைல் அசிட்டேட்டாக மாறியிருந்தது. வளையம் திறந்திருந்தது, ஆனால் சங்கிலி எதிலும் சேராமல். பழி போட வேறு ஆள் இல்லை.

வரப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கயிற்றை என் கையிலிருந்து வாங்கிச் சேற்றை உதறினார்.

“மக்குவது இருக்கட்டும் அம்மா. நாற்றங்காலிலிருந்து வயலுக்கு வரும்வரை முடி பிரியாமல் இருக்குமா?”

எத்தனை எஸ்டருக்கு எத்தனை நாள் என்று அவருக்குச் சொல்ல என்னிடம் இன்னும் கணக்கில்லை. குடுவைகளைக் காரநீரில் ஊறப்போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.