முருகன் ஒட்டாத எடம்

நேத்து மத்தியானத்துல இருந்து எங்கூட்ல அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கறதில்ல. ரெண்டு பேரும் ஒரே போர்டிகோவுல, ஒரே காருக்கு ரெண்டு பக்கமும் குந்திட்டு, ஒரே பக்கெட்டுத் தண்ணில வாட்டர் பேப்பர முக்கி முக்கித் தேய்ச்சுட்டுத்தான் இருக்காங்க, ஆனா பேச்சு மட்டும் எம்மூலமா. "உங்கப்பன்ட்ட அந்த பக்கெட்ட இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு." "உங்க சித்தப்பன எந்திரிச்சு வந்து முக்கிக்கச் சொல்லு." பக்கெட்டு ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முழம் தூரத்துல இருக்கு. நான் ஆபீஸ் மீட்டிங்க மியூட்ல போட்டுட்டுப் போய்த் தள்ளி வெக்கறேன்.

எல்லாத்துக்கும் காரணம் மருதமலை முருகன்.

வண்டி ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், அதோட கத இதுதான். அப்பாரு, அதாவது எங்க தாத்தா, 66ல மெட்ராஸ்ல இருந்து எடுத்துட்டு வந்த ரெண்டு கதவு வண்டி, தோட்டத்துச் சாளையில பதினெட்டு வருசம் கோழி அடைகாத்துது, லாக்டவுன்ல வேற வேலையில்லாம நான் இழுத்துட்டு வந்து போர்டிகோவுல போட்டேன். எஞ்சின் முடிஞ்சுது. சேஸ் முடிஞ்சுது. உக்கடம் பழைய இரும்புக் கடைக்காரங்க எல்லாரும் என்னைய மச்சானாட்டம் விசாரிக்கற அளவுக்குப் போய் வந்தாச்சு. பாக்கி பெயிண்ட் மட்டுந்தான்னு நெனச்சேன் பாருங்க, அங்கதான் ஏமாந்தேன்.

"பெயிண்ட் அடிக்கறது ஒரு நாள் வேலைங்க. அதுக்கு முன்னாடி தேய்க்கறதுக்குப் பேருதான் பெயிண்டிங்"னு பெயிண்டர் பாய் மொத நாளே சொன்னாரு. நான் ஏதோ கூலி ஏத்தறதுக்குச் சொல்றாருன்னு நெனச்சுட்டு, தேய்க்கறத நாங்களே பாத்துக்கறோம், நீங்க வந்து ஸ்ப்ரே கன் மட்டும் புடிச்சா போதும்னு வீராப்பா சொல்லிட்டேன். இன்னியோட எழுபத்தி மூணு நாளாச்சு. சொரசொரப்பான 80 நம்பர் காகிதத்துல ஆரம்பிச்சு, நைசாகிட்டே 120, 220, அப்பறம் பிரைமர்ங்கற அடிப்பூச்சு, அதுக்கப்பறம் 320, 400ன்னு போகணும். நாங்க 320க்குப் போனதும் ஏதாவது ஒண்ணு கண்ல படும், திரும்ப 80க்கு வந்துருவோம். பரமபதம் ஆடற மாதிரி. ஏணியெல்லாம் கெடையாது, பாம்பு மட்டுந்தான்.

காகிதத்த வெறுங்கைல புடிச்சுத் தேய்ச்சா வெரலு வெரலா பள்ளம் உழுந்துரும், அதனால கட்டை மாதிரி ஏதாவது சுத்திக்கணும். இதுக்குன்னு கடையில விக்கறாங்க, ஆனா பாய் ஊட்டுக்குள்ள போய் எங்கம்மாவோட பாத்ரூம் செருப்பத் தூக்கிட்டு வந்து, பிளேட்ல மூணு துண்டா அறுத்து, இத விட நல்ல பிளாக்கு உலகத்துலயே இல்லைன்னுட்டாரு. சும்மா சொல்லக் கூடாது, அருமையா இருந்துச்சு, வளைவுக்கு வளையுது, சமதளத்துக்கு நிக்குது. அம்மா ரெண்டு நாள் ஒத்தச் செருப்பத் தேடிட்டு, மூணாவது நாள் அது கார் மேல ஓடறத பாத்துட்டாங்க. அப்பறம் என்ன நடந்துச்சுன்னு நான் எழுதப் போறதில்ல.

பள்ளத்த ரொப்பற பேஸ்ட்டு, அதான் பட்டி, அத பாக்கற கத தனி. பேஸ்ட்டோட ஹார்டனர் நூத்துக்கு ரெண்டு பங்கு கலக்கணும், கலந்தா நிமிசக் கணக்குல எறுகிரும். நம்மூரு வெயிலுக்கு அது தட்டுல இருந்து தகடுக்குப் போறதுக்குள்ள பாறையாயிருது. நானும் அப்பாவும் பூசுனத பாத்தா எரவாட்டி தட்டுன செவுரு மாதிரி இருந்துச்சு. இத பாத்துட்டே இருந்த அம்மா தாங்க முடியாம வந்து, பட்டி பூசற தகட்ட புடுங்கி, ஒரே இழு. தோசை வாத்த கை இல்லீங்களா, மெல்லிசா, ஓரம் கரைஞ்சு, நடுவுல அரை எம்எம் கூட மேடு இல்ல. பாய் அதத் தடவிப் பாத்துட்டு, "இது யாரு போட்டது?"ன்னாரு. அம்மாவுக்கு சந்தோசம் தாங்கல. அன்னிக்கு சாயங்காலம் அவருக்கு மட்டும் ஏலக்கா டீ.

நடுவுல என் அக்கா பையன் ஒருத்தன், பாலிடெக்னிக் படிக்கறவன், வந்து நின்னுட்டு "மாமா, இது செம ஹாட் ராட்"ங்கறான். அமெரிக்காவுல 1932 மாடல் ஃபோர்டுல வி8 எஞ்சின் வந்துச்சு, அது பழசாகி அடிமட்ட வெலைக்கு வந்தப்ப பசங்க வாங்கி மட்கார்டெல்லாம் கழட்டி வீசிட்டு, கலிஃபோர்னியாவுல காஞ்சு கெடக்கற ஏரிப் பரப்புல போட்டுப் பறக்க விட்டாங்க, அதுதான்டா ஹாட் ராட், இது 948 சிசி, காந்திபுரம் பாலம் ஏறுனாலே எறங்கித் தள்ளணுமோன்னு யோசிக்கற வண்டின்னேன். உடனே அவன் "மெட்ராஸ் பக்கம் சோழவரம் ரேஸ்ல ஹெரால்டு எஞ்சின வெச்சே ரேஸ் கார் கட்டி ஓட்டிருக்காங்க, உனக்குத் தெரியாதா?"ன்னான். தெரியும்டா. அந்தப் பெருமையிலதான் நானே எறங்குனேன். நாஞ்சொல்றத எங்கிட்டயே திருப்பி சொல்றான். அதோட நிக்காம, பெயிண்டே அடிக்க வேண்டாம், பிரைமரோடயே சாம்பல் கலர்ல ஓட்டு, அதுதான் ஸ்டைலுங்கறான். பிரைமர் காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் உறிஞ்சும், ஒரு ஆடிச் சாரல்ல அடியில துரு கட்டிரும்னு பாய் சொன்னதும் மூஞ்சி தொங்கிப் போச்சு. சும்மா நின்னா இப்படித்தான் யோசனை வரும்னு அவன் கையிலயும் ஒரு செருப்புத் துண்டக் குடுத்தேன். அன்னிக்குப் போனவன் இன்னும் வரல.

பேனட்டு மட்டும் ஒரு தடவ முழுசா முடிஞ்சுது. ஹெரால்டு பேனட்டு தெரியுமில்ல, மட்கார்டு லைட்டு எல்லாத்தோடயும் சேத்து முன்பக்கமா கவுந்து தொறக்கும், முதல வாயப் பொளக்கற மாதிரி. இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி போட்ட டிசைனு. மொத்தம் பதினோரு நாள் தேய்ச்சு, துடைச்சு, பிரைமர் அடிக்க பாய் கன்ன எடுத்துட்டு நிக்கறாரு. சனிக்கெழம. அப்பா எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு, ஈரத் தலையோட வந்து, பேனட்ட ஆசையா ஒரு தட்டு தட்டி "ஆகட்டும், ஆரம்பிங்க"ன்னாரு. அவ்வளவுதான். பிரைமர் அடிச்ச பத்தாவது செகண்டு, நல்லெண்ணெ பட்ட எடமெல்லாம் பெயிண்டு வெலகி வட்ட வட்டமா ஓட்டை. மீன் கண்ணுன்னு சொல்லுவாங்களாம். எங்கப்பாவோட அஞ்சு வெரலும் ஜாதகம் பாக்கற அளவுக்குத் தெளிவா. திரும்ப 80 நம்பர்.

சரி, முருகனுக்கு வர்றேன்.

பழைய வண்டியில எங்கங்க பட்டிய அப்பி மறைச்சிருக்காங்கன்னு கண்ணால கண்டுபுடிக்க முடியாது. காந்தம் வெச்சுப் பாக்கணும். தகடு இருந்தா ஒட்டும், பட்டி மொத்தமா இருந்தா ஒட்டாது. நேத்து பாய் காந்தம் இருக்குங்களான்னு கேட்டாரு, நான் ஃப்ரிட்ஜ் மேல இருந்த மருதமலை முருகனப் பேத்துட்டு வந்தேன். அம்மா "செருப்புக்கப்பறம் சாமியா?"ன்னாங்க. முருகன் கதவுல ஒட்டுனாரு. டிக்கியில ஒட்டுனாரு. வலது பக்கம் பூராவும் வேலோட நிமுந்து நின்னாரு. எடது பின் மட்கார்டுல வெச்சதும் சர்ர்ருனு வழுக்கிக் கீழ எறங்கிட்டாரு. திரும்ப வெச்சா திரும்பக் கோச்சுட்டு எறங்கறாரு. மாம்பழம் கெடைக்காதவராட்டம்.

"அதெல்லாம் நோண்டாத, நல்லாத்தான இருக்கு"ன்னு அப்பா சொன்னாரு. எழுபத்தி மூணு நாளா ஊசி மொனைப் பள்ளத்துக்கெல்லாம் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்த மனுசன் இத மட்டும் விட்றலாம்ங்கறாரு. அப்பவே எனக்கு ஒறைச்சிருக்கணும்.

பாய் உளிய வெச்சு ஒரு தட்டுத் தட்டுனாரு. பட்டி ஒண்ணேகால் இஞ்சி. தேங்கா சில்லு மாதிரி பேந்து வருது. நாலு எம்எம்முக்கு மேல பூசுனாலே நிக்காதுன்னு சொல்ற எடத்துல ஒண்ணேகால் இஞ்சி! அதுக்குள்ள கலர் கலரா வளையம், மேல மெரூன், அதுக்குக் கீழ க்ரீம், அதுக்கும் கீழ அப்பாரு எடுத்தப்ப இருந்த சாம்பல். அதெல்லாம் பேந்தப்பறம் ஒரு தகர டப்பாத் துண்டு. தகரத்துக்குப் பின்னாடி, பள்ளத்துல தாங்கறதுக்கு, சுருட்டித் திணிச்ச நியூஸ் பேப்பர்.

இங்கதான் சித்தப்பா. 85ல சித்தப்பா காலேஜ் மொத வருசம் படிக்கறப்ப, சினேகிதன் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சிக்கு இந்த வண்டிய எடுத்துட்டுப் போனது, திரும்பி வந்தப்ப எடது பின் மட்கார்டு குழியோட வந்தது, "நான் எங்கயும் இடிக்கல, ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுனேன், அது தானா உழுந்துருச்சு"ன்னு சொன்னது, அப்பாரு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வாசலுக்கு வந்தது, இதெல்லாம் எங்க வீட்ல தல தீவாளிக்கு வந்த மாப்ளைங்க வரைக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். எங்க ஊட்ல யாராவது பொய் சொன்னா, "ஆமாமா, தானா உழுந்துருச்சு"ன்னுதான் சொல்லுவோம். அன்னிக்குச் சாவியப் புடுங்குனதுல இருந்து சித்தப்பா கார் ஸ்டீரிங்கையே தொட்டதில்ல. மொபெட்டு, அப்பறம் ஸ்கூட்டரு, இப்பவும் ஸ்கூட்டரு.

சித்தப்பா அந்தப் பேப்பரப் பொறுமையா பிரிச்சாரு. பொடிப்பொடியா உதுருது. மஞ்சளுக்கு ஏலம் போன வெல, ஏதோ லேகிய வெளம்பரம், மூலையில தேதி. 5-7-1981, ஞாயிறு.

யாரும் பேசல. கம்ப்ரசர் மட்டும் ஓடிட்டிருந்துச்சு, பாய் போய் அத ஆஃப் பண்ணுனாரு.

"81ல நான் ஒம்பதாங்கிளாஸ்"னாரு சித்தப்பா. ரொம்ப மெதுவா. "அப்பறம் அப்பாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டிரைவர் 80லயே நின்னுட்டாப்டி. அப்ப இந்தூட்ல வண்டி ஓட்டுனது யாரு?"

அப்பா தண்ணியில வாட்டர் பேப்பர முக்குனாரு. எடுத்தாரு. திரும்ப முக்குனாரு.

"எனக்கு ஞாபகமில்ல."

"நாலு வருசம் முன்னாடியே இடிச்சு, பட்டிய அப்பி மறைச்சு வெச்சிருக்க. அந்தப் பட்டிதான் பொள்ளாச்சி ரோட்ல தானா உழுந்துச்சு. தானா! உழுந்துச்சு! நாப்பது வருசமா சொல்றேன்!" சித்தப்பா கத்துன கத்துல எதிர்த்த வீட்டு நாயி எந்திரிச்சு நின்னுச்சு.

அப்பதான் அம்மா, வெங்காயம் உரிச்சுட்டே, தல நிமுராம சொன்னாங்க: "அது எங்கூட்டு வாசல்ல இருந்த ஆட்டாங்கல்லுல இடிச்சது."

எல்லாரும் திரும்பிப் பாத்தோம்.

"பொண்ணு பாக்க வந்துட்டுத் திரும்பிப் போறப்ப இடிச்சாங்க. நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன். ரிவர்ஸ் எடுக்கறவரு பின்னாடி பாக்காம ஜன்னலயே பாத்தா இடிக்காம? எங்கப்பா அன்னிக்கே கேட்டாரு, மாப்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியாதாட்ட இருக்குதே, சரிப்பட்டு வருமான்னு. நாந்தான் பரவால்லீங்கப்பான்னு சொன்னேன்."

எழுபது வயசுல எங்கப்பா வெக்கப்பட்டு நான் மொத தடவ பாக்கறேன். காது வரைக்கும் செவந்து போச்சு. பாய் கூரையப் பாத்துச் சிரிக்கறாரு. எனக்கும் என்னமோ மாதிரி ஆயிருச்சு, அந்தக் குழியக் கையால தடவிப் பாத்தேன், ஆட்டாங்கல்லு வட்டம் அப்படியே இருக்கு. தட்டி எடுக்கலாமா இப்படியே விட்றலாமான்னு ஒரு நிமிசம் யோசனை.

சித்தப்பாவுக்கு அதெல்லாம் ஒண்ணும் வரல. "அண்ணி, நீங்க பாத்தீங்க. 81லயே பாத்தீங்க. 85ல எங்கப்பன் என்னைய வெளுக்கறப்ப நீங்க அங்கதான நின்னுட்டிருந்தீங்க?"

"அன்னிக்கு இவனுக்குப் பால் காய்ச்சிட்டு இருந்தேன் தம்பி"ன்னாங்க அம்மா, என்னையக் காட்டி. எல்லாப் பழியும் கடைசியா எங்கிட்ட வந்து நின்னுச்சு.

இப்ப சித்தப்பா நஷ்ட ஈடு கேக்கறாரு. வண்டி மெரூன் கலர்தான் அடிக்கணுமாம். ஆர்சி புக்குல சாம்பல்னு இருக்கு, கலர மாத்துனா ஆர்டிஓ ஆபீஸ் போய் ஏத்தணும், ஏற்கனவே நான் ரெனிவலுக்கு அலைஞ்ச அலைச்சல்ல அங்க டீக்கடைக்காரர் எனக்கு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணித் தந்துட்டாரு. எப்படியோ மெரூன் அடிச்சிருந்து, அது புக்குல ஏறாமயே எப்படியோ ஓட்டிருக்காங்க, அந்தக் காலம். அப்பா சாம்பல்ங்கறாரு. நேரா சொல்லல, எங்கிட்ட சொல்றாரு. பாய் வேற ஒரு வேலைக்கு ஊட்டி போய்ட்டாரு, போன் போட்டா மலையில இருக்கேன்ங்கறாரு, மேக்கால மேகம் இருட்டிட்டு வருது, எடது பின் மட்கார்டு வெறும் தகடா நிக்குது.

இத டைப் பண்ணிட்டிருக்கறப்ப வெளிய டங்குன்னு சத்தம். போய்ப் பாத்தேன். சித்தப்பா, சீட்டு இல்லாத வண்டிக்குள்ள, தின்னர் டின்னக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்து ரெண்டு கையாலயும் ஸ்டீரிங்கப் புடிச்சுட்டு நேரா கேட்டையே பாத்துட்டிருக்காரு. பேட்டரியே வெக்கல. அப்பா மட்கார்டுக்குப் பக்கத்துல குந்தி, 80 நம்பர் காகிதத்தச் செருப்புல சுத்திட்டே, நேத்து மத்தியானத்துக்கப்பறம் மொத தடவையா நேரா அவருகிட்டயே பேசுனாரு.

"எடுக்கறதுன்னா பாத்து எடு. பின்னாடி செவுரு இருக்கு."

"எனக்கு ரிவர்ஸ் வரும்"னாரு சித்தப்பா.