பார்மசிக்குப் போக நினைக்கும் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு

"பார்மசி படிக்கத் தனியா ஒரு நுழைவுத் தேர்வு எழுதணுமா அக்கா?" மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவத்தில் சேரும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு அப்படி எல்லாரும் எழுத வேண்டிய பொதுவான தனித் தேர்வு எதுவும் கிடையாது; சில படிப்புகளுக்கு உள்ள நேர்முகம், தேர்வு பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆறாம் படிவத்தின் மூன்று தவணைகளில் நீங்கள் எழுதப்போகும் எஸ்.டி.பி.எம் தான் அந்தத் தேர்வு. ஆறாம் படிவத்துக்குப் பதிலாக மெட்ரிகுலேஷன் படிப்பு கிடைத்தவர்களுக்கு வழி வேறு. நான் ஆறாம் படிவம் வழியாக வந்தவள் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் தவணை வேதியியலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மூன்று தவணைத் தாள்களும் சேர்ந்து 80 விழுக்காடு, பள்ளியில் செய்யும் செய்முறைப் பயிற்சிகள் 20 விழுக்காடு. ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம் தேர்வு முடித்த களைப்பில், "இப்பத்தானே தொடங்கியிருக்கு" என்று பலர் முதல் தவணையைத் தளர்வாக விட்டுவிடுகிறார்கள். திருப்பி எழுத வாய்ப்பு உண்டுதான். ஆனால் அந்தத் தாளையும் பிந்திய தவணைப் பாடங்களையும் ஒரே நேரத்தில் சுமக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அந்தத் தவணையில் பிள்ளைகளை அதிகம் திணற வைப்பது அயனிச் சமநிலை. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலும் கை நின்றுவிடும். ஒரு மருந்தை வைத்துப் படித்துப் பாருங்கள். ஆஸ்பிரின் ஒரு வலுக்குறைந்த அமிலம், அதன் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் அயனியாகியிருக்கும் பிஎச் அளவு) ஏறக்குறைய 3.5. இரைப்பையில் பிஎச் 1.5 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் இரண்டு; ஒவ்வொன்றுக்கும் பத்து மடங்கு. அப்படியென்றால் அயனியாகாத மூலக்கூறு நூறு இருக்கும் இடத்தில் அயனியானது ஒன்றுதான் இருக்கும். அயனியாகாத வடிவம்தான் செல் சவ்வை எளிதாகக் கடக்கும். வேதியியல் கணக்கும் உயிரியலில் படிக்கும் சவ்வுப் பாடமும் ஒரே மாத்திரையில் வந்து சேர்வதைப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. மூன்றாம் தவணையில் பீனால் வரும்போது அதே ஆஸ்பிரினைத் திரும்ப எடுங்கள். சாலிசிலிக் அமிலத்தில் பெர்ரிக் குளோரைடு விட்டால் ஊதா நிறம் வரும். சுத்தமான ஆஸ்பிரினில் அது வராது. ஏன் என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

எழுதிப் பாருங்கள் என்பதை அழுத்தித்தான் சொல்கிறேன். ஒன்றரை மணி நேரத் தாளின் 60 புள்ளிகளில் 30 புள்ளி கட்டுரை வினாக்களுக்கு. கண்ணால் மட்டும் படித்தவர்கள் அங்கேதான் புள்ளியை இழக்கிறார்கள். ஈப்போவுக்கு டியூஷன் போனால்தான் முடியும் என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். போக வசதி இருந்தால் போகலாம், ஆனால் பஸ்ஸில் போகும் நேரத்தையும் கணக்குப் பாருங்கள். தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தலைப்பிலும் மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று வரிவரியாகப் போட்டிருப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய ஆண்டுத் தாள்களைக் கடிகாரம் பார்த்து எழுதி, ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். எங்கள் வீட்டில் அப்பா விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்பும்போதே விளக்கு எரியும். அந்த நேரத்தில் டிவி சத்தமும் இருக்காது, யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். தோட்டத்து வீட்டில் தனி அறை இல்லாத பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரியவில்லை.

செய்முறையில் வேகத்தைவிட நிதானம் முக்கியம். பியூரெட்டைப் படிக்கும்போது திரவ வளைவின் அடிப்பகுதிக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோங்கள். அளவை இரண்டு தசமத்தில் எழுதுங்கள், கடைசி இலக்கம் 0 அல்லது 5 ஆகத்தான் இருக்கும். 24.3 என்று எழுதினால் போதாது, 24.30 என்று எழுத வேண்டும்.

பல்கலைக்கழகம் போக எழுத வேண்டிய முயெட் ஆங்கிலத் தேர்வைக் கடைசி நேரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் பேச்சுப் பகுதிக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தினமும் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் விவாதித்தாலே கூச்சம் போய்விடும்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யுபியு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதன் மெரிட் (தகுதிப் புள்ளி) கணக்கில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். கடைசி பஸ் போய்விடும் என்று சங்கக் கூட்டங்களை விட்டுவிடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பொறுப்பாசிரியரிடம் நிலைமையைச் சொல்லி, பள்ளி நேரத்துக்குள் செய்யக்கூடிய பொறுப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ்களை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.

யுபியு பட்டியலில் # குறி போட்ட படிப்புகளுக்கு நேர்முகமோ தேர்வோ உண்டு. டாக்டருக்கும் மருந்தாளருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு முதலில் வீட்டில் இருக்கும் மருந்துப் பெட்டிகளைப் பாருங்கள். பதிவு செய்யப்பட்ட மருந்தில் எம்.ஏ.எல் என்று தொடங்கி எட்டு இலக்கங்களும் அடுத்து ஓர் எழுத்தும் இருக்கும். ஏ என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, எக்ஸ் என்றால் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடியது, டி (T) என்றால் பாரம்பரிய மருந்து. பாட்டிமார் மூட்டுவலிக்கு வாங்கும் பதிவெண் இல்லாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதும், திடீரென்று நிறுத்தினால் ஏன் ஆபத்து என்பதும் உங்களுக்குத் தெரிந்தால், நேர்முகத்தில் பேச விஷயத்துக்குப் பஞ்சமே இருக்காது.