பாக்ஸ் ஹில்: உருளும் பூச்சிக்காக ஒரு சுண்ணாம்பு மலை

பாக்ஸ் ஹில் போக, லண்டனுக்குத் தெற்கே உள்ள டார்க்கிங் ஸ்டேஷனில் இறங்கினால் டாக்ஸி பிடிக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஓடவில்லை. பதிலுக்கு விட்ட பஸ் ஊர் ஊராகச் சுற்றியது. பொழுது போகிறதே என்று டாக்ஸியில் ஏறினேன். நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு ஓட்டுநர் வாங்கிய காசில் லண்டனில் இரண்டு வேளை தோசை சாப்பிடலாம். இன்னும் வயிறு எரிகிறது!

பாக்ஸ் ஹில்லுக்குப் பெரும்பாலும் காட்சி பார்க்கத்தான் வருகிறார்கள். நான் போனது அர்மடில்லிடியம் வல்கேரைப் பார்க்க. தொட்டால் உருண்டுகொள்ளும் வுட்லவுஸ், அதாவது கல்லடியில் ஈரத்தில் வாழும், ஓடு போர்த்த சின்ன உயிர். தென் இங்கிலாந்தில் தோட்டத்துச் சுவரோரம்கூடக் கிடைக்கும். ஆனால் அதன் ஓடு கால்சியத்தால் இறுகியது, அதனால் சுண்ணாம்பு மண் என்றால் அதற்குக் கொண்டாட்டம். இந்த மலையோ முழுக்கச் சுண்ணாம்பு.

மலையடிவாரத்தில் மோல் ஆற்றை மிதித்துக் கடக்கப் போட்ட கற்கள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அகற்றப்பட்டு, 1946இல் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் அட்லி கையால் மறுபடி திறக்கப்பட்டவை. அப்புறம் படிகள், படிகள், முழங்கால் கழன்றுவிடும்.

வெயில் விழும் புல்சரிவில் ஒரு வெள்ளைக் கல்லைப் புரட்டினேன். அடியில் ஒரே கூட்டம்! ஒன்றைத் தொட்டதும் மீசை, கால் எல்லாம் உள்ளே போய், மிளகுபோல் உருண்டு நின்றது. அசையாமல் காத்திருந்தேன். மெல்ல ஒரு விரிசல், அதிலிருந்து இரண்டு மீசைகள், பிறகு ஏழு ஜோடிக் கால்கள். மல்லாந்தபோது வால் பக்கம் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. அவைதான் அதற்கு நுரையீரல். பூச்சி என்கிறோமே தவிர, இது நண்டு, இறால் கூட்டத்தைச் சேர்ந்தது. கரையேறியும் ஈரத்தை விட முடியாத உயிர். இருந்தாலும் மற்ற வுட்லவுஸ்களைவிட வறட்சி தாங்கும், பகலிலும் புல்லுக்குள் நடமாடும்.

இன்னொன்றுக்கு முன்பாதி ஒரு நிறம், பின்பாதி வெளிர் நிறம். சட்டை உரிப்பதே இரண்டு தவணையில்தான்: முதலில் பின்பாதி, பிறகு முன்பாதி. புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்த்தபோது கத்தியே விட்டேன். நாயோடு வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும்.

இதேபோல உருளும் மரவட்டை வகை ஒன்றும் இங்கே உண்டு. பளபளப்பு அதிகம், கால்களும் அதிகம். பின்முனையில் ஒரே பெரிய தகடு இருந்தால் அது மரவட்டை, சின்னச் சின்னத் தகடுகள் இருந்தால் நம்ம ஆள்.

மேலே டீ, கேக் விலையெல்லாம் அநியாயம். வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சைச் சாதமும் மோர்மிளகாயும் அந்தக் காற்றில் அமிர்தம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், தண்ணீரும். ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை போங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது. புரட்டிய கல்லை அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள், அடியில் இருக்கும் ஈரத்தை நம்பித்தான் அவை இருக்கின்றன.