கோட் விக்கிற பிளாக்செயின் சந்தைல எது நெஜமாவே கஷ்டம்

டெவலப்பர்ஸ் தாங்க எழுதின கோடை நேரடியா வித்து காசு பாக்குற மாதிரி ஒரு மார்க்கெட்பிளேஸ் பிளாக்செயின் மேல கட்டிட்டு இருக்கேன். இத சொன்ன உடனே எல்லாரும் கேக்குறது பேமென்ட் எப்படிங்கறதுதான், ஆனா இருக்கிறதிலேயே ஈஸியான வேலை அதுதான். வாங்குறவர் ஸ்டேபிள்காயின் (டாலர் மாதிரி ஒரு பணத்தோட மதிப்பிலேயே நிக்கிற காயின்) போடுவார், ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது செயின்ல தானா ஓடுற புரோகிராம், அத பிடிச்சு வெச்சுக்கும், டீல் முடிஞ்சதும் ரெண்டு பேர் சேந்து எழுதின லைப்ரரின்னா 70க்கு 30னு பிரிச்சு அவங்கவங்க வாலட்டுக்கு அனுப்பிடும், மாசக் கடைசி வரைக்கும் யாரும் காத்துட்டு இருக்க வேணாம். இது ஒண்ணுக்காகவே இத கட்டலாம்னு எனக்குத் தோணுது.

கஷ்டம் எல்லாம் சரக்கு கைமாறுற இடத்துலதான். கோடை செயின்லயே போட முடியாது. எத்தீரியம்ங்கற பிளாக்செயினோட ஸ்டோரேஜ்ல புதுசா 32 பைட் எழுதவே 20,000 கேஸுக்கு (அங்க ஒவ்வொரு வேலைக்கும் கட்டணத்த அளக்கிற அலகு) மேல போகுது, அப்போ 1 கேபிக்கே 6,40,000 தாண்டிடும், சாதாரணமா ஈத்தர் அனுப்புறதுக்கு 21,000 தான். செலவ விடுங்க, அங்க போட்டா ஊருக்கே தெரியும். ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதுற மொழியான சாலிடிட்டில வேரியபிளுக்கு பிரைவேட்னு போட்டா மறைஞ்சிடும்னு நிறைய பேர் நம்புறாங்க, அது மத்த கான்ட்ராக்ட் படிக்காம தடுக்கும், அவ்வளவுதான், செயினோட காப்பிய வெச்சிருக்கிற ஒரு நோட்கிட்ட (கம்ப்யூட்டர்) அந்த வேரியபிள் இருக்கிற ஸ்லாட் நம்பரச் சொல்லிக் கேட்டா உள்ள இருக்கிறத அப்படியே எடுத்துக் குடுத்துடும்.

அதனால கோடை என்கிரிப்ட் பண்ணி ஐபிஎஃப்எஸ்ல (பல கம்ப்யூட்டர்ல ஃபைல வெச்சுப் பகிர்ற நெட்வொர்க்) வெச்சு, ஹாஷ மட்டும், அதாவது அந்த ஃபைலோட கைரேகை மாதிரியான நம்பர மட்டும், செயின்ல போடுறோம். இப்போ காசா, அந்த பூட்டத் திறக்கிற சாவியா, எது முதல்ல கைமாறுறது? காசு முதல்ல போனா வர்ற சாவி டுபாக்கூரா இருக்கலாம், சாவி முதல்ல போனா காசு வராமலே போகலாம். நம்பிக்கையான மூணாவது ஆள் இல்லாம இத முழு நியாயமா முடிக்கவே முடியாதுன்னு பாக்னியாவும் கெர்ட்னரும் 1999லயே நிரூபிச்சிட்டாங்க. பிளாக்செயின் அந்த மூணாவது ஆளா நிக்கும், ஆனா தன்னால கணக்கு போட்டுப் பாக்க முடிஞ்சத மட்டும்தான் அதால தீர்ப்பு சொல்ல முடியும். 2016ல பிட்காயின்ல ஒரு சுடோகு விடைய ஜீரோ நாலெட்ஜ் முறைல (விடையக் காட்டாமலே அது சரின்னு நிரூபிக்கிறது) இப்படித்தான் வித்தாங்க, விடை சரியா தப்பான்னு சொல்ல அங்க தெளிவான விதி இருந்துச்சு. "இந்த கோட் ஒழுங்கா வேலை செய்யுது"ங்கறதுக்கு அப்படி ஒரு விதி எங்க இருக்கு?

நான் போயிருக்கிற வழி என்னன்னா, விக்கிறவர் கோடோட சேத்து டெஸ்ட் சூட்டையும் (கோட் சரியா ஓடுதான்னு பாக்குற சோதனைகள்) அது ஓடுற கன்டெய்னர் இமேஜோட (தேவையான எல்லாம் சேத்துக் கட்டின சூழல்) டைஜஸ்ட்டையும், அதாவது ஹாஷையும், முன்னாடியே பதிஞ்சிடணும், டெஸ்ட்டு எல்லாரும் பாக்கலாம், கோட் மட்டும் பூட்டி இருக்கும். ரெண்டு பக்கமும் டெபாசிட் கட்டணும். சாவி கைக்கு வந்தப்புறம் 72 மணி நேரத்துக்குள்ள தகராறுன்னு சொன்னா, நடுவரா இருக்கிற டெவலப்பர்ஸ் அதே இமேஜ்ல ஓட்டிப் பாப்பாங்க, பொய்ப் புகார்னா புகார் சொன்னவரோட டெபாசிட் போயிடும். இது இல்லன்னா கோடையும் வாங்கிட்டு ரீஃபண்டும் கேக்குறவங்கதான் வருவாங்க.

திருட்டு கோட் விஷயம் இன்னும் மோசம். செயின்ல இருக்கிற நேர முத்திரை இந்த ஃபைல் அன்னைக்கு இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும், யார் எழுதினதுன்னு சொல்லாது, அடுத்தவர் ரெப்போவ எடுத்துட்டு வந்து முதல்ல பதிஞ்சவருக்கும் அதே முத்திரைதான் கிடைக்கும். ஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல வந்த அடுத்தவர் கோட் உள்ள கலந்திருந்தா அத குளோஸ்டு லைசென்ஸ்ல விக்கவே கூடாது, அதனால பதியறதுக்கு முன்னாடி ஸ்கேன் கண்டிப்பா வேணும். கோட் வாங்கினதுக்கு அடையாளமா செயின்ல ஒரு டோக்கன் கிடைக்கும், அத வாங்கினா காப்பிரைட்டும் சேந்து வந்துடும்னு நினைக்காதீங்க, லைசென்ஸ்ல எழுதி இருக்கிற உரிமை மட்டும்தான் வரும், அந்த லைசென்ஸோட ஹாஷையும் டோக்கன்ல கட்டி வெச்சிருக்கேன்.

ஸ்மார்ட் கான்ட்ராக்ட்ல காசு எடுக்கிற ஃபங்ஷன்ல முதல்ல பேலன்ஸ ஜீரோ ஆக்கிட்டு அப்புறம்தான் அனுப்பணும், இல்லன்னா காசு வாங்குற கான்ட்ராக்ட் பேலன்ஸ் குறையறதுக்குள்ள திரும்பத் திரும்பக் கூப்பிட்டு எடுத்துடும். 2016 ஜூன்ல எத்தீரியம் மேல ஓடின தி டிஏஓங்கற முதலீட்டு நிதில இருந்து சுமார் 36 லட்சம் ஈத்தர் போனது இந்த வரிசை மாறினதாலதான். சந்தைக்குன்னு சொந்தமா ஒரு காயின் விடுற ஐடியா எனக்கு இல்ல, கோட் வாங்க வர்றவர் எதுக்கு அதோட விலை ஏறுதா இறங்குதான்னு பாத்துட்டு இருக்கணும்?

இப்போ உக்காந்திருக்கிறது அப்டேட் மேல. பக் ஃபிக்ஸ் பண்ணினா ஹாஷ் மாறிடும், அதனால ஒரு மேஜர் வெர்ஷனுக்கு ஒரு டோக்கன், அதுக்குள்ள வர்ற எல்லா ஃபிக்ஸுக்கும் அதே டோக்கன் வெச்சிருக்கவருக்கு சாவி போகணும்னு எழுதிட்டு இருக்கேன்.