தலையைக் கழற்றினால் தணல் போடலாம்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலச் சிங்கம் நிற்கிறது. உயரம் சுமார் 85 செ.மீ. பார்த்தால் சிலை மாதிரிதான் இருக்கும். ஆனால் அது தூபக்கால்! செல்ஜுக் என்ற துருக்கிய அரச மரபின் காலத்து ஈரானில், 1181-82இல் வார்த்தது.

தலை தனியாகக் கழன்று வரும். உள்ளே தணலையும் வாசனைப் பொருளையும் போட்டுவிட்டு, தலையைத் திரும்பப் பொருத்திவிட வேண்டியதுதான். கழுத்திலும் உடம்பிலும் பின்னல் கோலமாகத் துளை போட்டிருக்கிறார்கள். பார்வைக்கு அது அலங்காரம். புகை வெளியே வரும் வழியும் அதுவே. சிங்கத்தின் உடம்பெல்லாம் புகை கசியும்போது, புதிதாக வந்த விருந்தாளி கொஞ்சம் மிரண்டுதான் போயிருப்பார்.

உடம்பில் அரபு எழுத்தில் வாழ்த்து வாசகங்கள். செய்யச் சொன்ன அமீரின், அதாவது பிரபுவின், பெயர் இருக்கிறது. இஸ்லாமிய ஆண்டுக் கணக்கில் ஹிஜ்ரி 577 என்று ஆண்டும் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது, செய்த கைவினைஞரும் தன் பெயரைப் பொறித்திருப்பது: ஜாஃபர் இப்னு முகம்மது இப்னு அலி. நம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை வார்த்தவர்கள் யாரென்று கேட்டால், நமக்குப் பெயர் தெரியாது.

இன்னொன்று. இஸ்லாமியக் கலையில் உயிருள்ளவற்றின் உருவமே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளிவாசலுக்கு அது பொருந்தும். வீட்டிலும் அரண்மனையிலும் புழங்கிய பொருட்களில் சிங்கம், பறவை, முயல் எல்லாம் தாராளமாக உண்டு. இந்தச் சிங்கத்தின் அளவைப் பார்த்தால், இதுவும் ஒரு அரண்மனைக்காகச் செய்ததாகத்தான் இருக்கும். சாதாரண வீட்டுக்கூடத்தில் இதை வைத்தால் அப்புறம் ஆட்கள் உட்கார இடம் ஏது?