நாள் தள்ளிப்போகும் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை

திருமணமாகி இரண்டு மாதம் ஆவதற்குள் ‘ஏதும் விசேஷம் உண்டா?’ என்று கேட்கத் தொடங்கிவிடும் நம் குடும்பங்களில், அந்த விசேஷத்துக்கு முன்பே பெண் சாப்பிட்டிருக்க வேண்டிய, கருவின் மூளை, தண்டுவடக் குறைபாடுகளைத் தடுக்க உதவும் ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமின் மாத்திரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் தங்கையின் திருமணத்துக்காக நகை, மண்டபம், சமையல் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும் எங்கள் வீட்டிலும் இதே நிலைதான் என்பதால், அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

மருத்துவர்கள் கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஆகவே 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு நாள் தள்ளிப்போகும்போது கணக்கில் நான்கு வாரம் ஆகியிருக்கும். கருவின் வயதோ ஏறத்தாழ இரண்டு வாரம்தான். அதற்கடுத்த இரண்டு வாரங்களில், கருவின் முதுகுப்பக்கம் தட்டையாக இருக்கும் செல்களின் தகடு நடுவில் குழிந்து, அதன் இரு ஓரங்களும் உயர்ந்து வளைந்து, முதலில் கழுத்துப் பகுதியில் ஒன்றோடொன்று ஒட்டி, பிறகு மேலும் கீழுமாக மூடிக்கொண்டே சென்று ஒரு குழாயாகிறது. மூளையும் தண்டுவடமும் உருவாவது இந்த நரம்புக் குழாயிலிருந்துதான். கருத்தரித்த 28ஆம் நாளையொட்டி அதன் இரு முனைகளும் மூடிவிடுகின்றன. தலைப்பக்கம் மூடாமல் போனால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாவதில்லை. அக்குழந்தை பிழைக்க வழியில்லை. கீழ்ப்பக்கம் மூடாமல் போவதே ஸ்பைனா பைஃபிடா. கால்கள் வலுவிழப்பதும், சிறுநீரையும் மலத்தையும் அடக்க இயலாமல் போவதும் அதனால் வரக்கூடியவை.

‘மூன்று மாதம் முடியட்டும், பிறகு வெளியே சொல்லலாம்’ என்ற வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள் நிகழ்பவை. அந்தத் துயரை ஊருக்கெல்லாம் விளக்க வேண்டிய நிலையிலிருந்து அது பெண்ணைக் காக்கிறது. ஆனால் மருத்துவரைப் பார்ப்பதும் அதனுடன் சேர்ந்து தள்ளிப்போனால், முதல் மாத்திரை கைக்கு வரும்போது குழாய் மூடும் காலம் கடந்துபோயிருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து 12ஆம் வாரம் முடியும்வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் மருந்துக் கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரையே எளிதில் கிடைக்கிறது. ஏற்கெனவே இக்குறைபாடுள்ள கரு உண்டானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்குச் சில மருந்துகளை எடுப்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் எழுதித்தரும் அளவு அது. வலிப்பு மருந்தை எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தக் கூடாது.

‘தினமும் கீரை சாப்பிட்டால் போதாதா?’ என்று அம்மா கேட்டார். கீரையும் பயறும் அவசியம்தான். ஆனால் உணவில் இயற்கையாக ஃபோலேட் என்ற வடிவில் இருக்கும் இதே வைட்டமின் நீரில் கரையும், வெப்பத்தில் சிதையும். வேகவைத்த நீரை வடித்துவிட்டால் அதில் ஒரு பங்கும் போய்விடும். மாத்திரையிலுள்ள ஃபோலிக் அமிலத்தை உடல் ஏற்கும் அளவுக்கு உணவிலுள்ள ஃபோலேட்டை ஏற்பதும் இல்லை.

இந்தச் சத்தின் கதை நம் மண்ணோடு தொடர்புடையது என்பது எனக்கு மிகுந்த நிறைவு தருகிறது. 1928இல் இந்தியா வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான இரத்தசோகையின் காரணத்தைத் தேடி, குன்னூரிலும் சென்னையின் கோஷா ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தார். மலிவான ஈஸ்ட் சாறு அதைக் குணமாக்குவதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த பொருள் ஃபோலேட் என்பது பின்னரே தெளிவாயிற்று.

நரம்புக் குழாய் சரியாக மூடாத கரு முன்பு உண்டான பெண்களிடம் 7 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 1991இல் வந்தது. ஃபோலிக் அமிலம் அக்குறைபாடு மீண்டும் வருவதை 72 சதவீதம் தடுத்திருந்தது. எல்லாவற்றையும் அது தடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனெனில் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்ட தாய்க்கும் இது நேரலாம். அப்போது ‘நீ என்ன சாப்பிட்டாய், என்ன செய்தாய்?’ என்று அவளை விசாரிக்கும் உரிமை மாமியாருக்கும் இல்லை, கணவனுக்கும் இல்லை. எதிர்பாராமல் கருத்தரித்து இதுவரை மாத்திரை எடுக்காதவர்கள், தெரிந்த அன்றே தொடங்கி 12ஆம் வாரம்வரை தொடரலாம்.