தண்டப்பணம் கட்டி அனுமதிப் பத்திரத்தை மீட்ட கதை

என் மனைவியின் தம்பி கொழும்பு வெள்ளவத்தையில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். அவனுக்குக் கிடைக்கும் ஹயர்களில், அதாவது வாடகைச் சவாரிகளில், பெரும்பாலானவை கைத்தொலைபேசிச் செயலி வழியாகவே வருகின்றன. காலி வீதியில், தெஹிவளை மேம்பாலத்துக்குச் சற்று முன்பாகப் போக்குவரத்துப் பொலிஸார் அவனை மறித்தபோது, ஹயர் ஒன்றை ஏற்கத் தட்டுவதற்காக எடுத்த தொலைபேசி அவனது இடது கையில் இருந்தது. முச்சக்கர வண்டியில் கிளச்சும் கியரும் இடது கைப்பிடியில்தான் இருக்கின்றன என்பதால், அந்தக் கை தொலைபேசிக்குப் போய்விட்டால் வேகத்தை மாற்றுவதற்கே கையில்லை. அதிகாரி சாரதி அனுமதிப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தண்டப்பணச் சீட்டொன்றை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இணையத்தில் தண்டம் கட்டும் கவ்பே முறை வருவதற்கு முந்திய காலம் அது. அந்தச் சீட்டே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப் பத்திரமாகச் செல்லும்; அதற்குள் தபாலகத்தில் பணத்தைக் கட்ட வேண்டும்; தவறினால் 28 நாட்கள் வரை இரட்டிப்புத் தொகை, அதற்கும் மேல் போனால் நீதவான் நீதிமன்றம். குற்றத்தை ஏற்காதவர் பணம் கட்டாமல் நீதிமன்றத்தில் வாதாடலாம். அவன் முதலில் அதைத்தான் செய்ய நினைத்தான். சட்டத்தரணியின் கட்டணத்தையும், வண்டி ஓடாத நாட்களின் நட்டத்தையும் கூட்டிப் பார்த்ததும் அந்த எண்ணம் அடங்கிவிட்டது. நாட்கூலிக்கு உழைப்பவனுக்கு எதிர்த்து வாதாடும் உரிமை தண்டத்தைவிட விலை கூடியது என்பது, வண்டி ஓட்டும்போது தொலைபேசியைக் கையில் பிடிப்பதைத் தடுக்கும் சட்டத்துக்கு மட்டும் உரிய குறையல்ல.

ஆகவே நாங்கள் தபாலகத்துக்குப் போனோம். சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்த சீட்டு வியர்வையில் ஊறி, எழுத்துகள் பாதி கலங்கிப்போயிருந்ததால், கருமபீட அலுவலர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் குற்ற இலக்கத்தை வாசித்தார். பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு, சீட்டு எழுதிய பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போய் வரிசையில் நின்றோம். அங்கே மேசை இழுப்பறையில் அனுமதிப் பத்திரங்கள் இறப்பர் வளையம் போட்ட கட்டுகளாகக் கிடந்தன. அவனுடையது கிடைக்கும்வரை ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பார்த்தார்கள். நேரம் போனதே தவிர, யாரும் முகம் சுளிக்கவில்லை.

வரிசையில் நின்ற நேரம் முழுவதும் அவன் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்: "அத்தான், காருக்குள்ள ஏசியைப் போட்டுட்டு புளூடூத்தில மணிக்கணக்கா கதைச்சுக்கொண்டு போறவரை விடுறாங்க, நான் ஒரு தட்டுத் தட்டினா தண்டமோ?" அவனுடைய கேள்வியில் பாதி நியாயம் என்றே இன்றும் எண்ணுகிறேன். கனடாவின் தொரன்ரோவில் ரெடல்மையரும் டிப்ஷிராணியும் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வு, தொலைபேசியில் பேசும் வேளையில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்றும், கையில் பிடிக்காமல் பேசுவதால் அந்த ஆபத்துக் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் கண்டது. கவனத்தைப் பறிப்பது பேச்சுத்தான் என்றால், கையை மட்டும் பார்த்துத் தண்டிக்கும் நடைமுறை வசதியுள்ளவருக்குச் சலுகையாகவே முடிகிறது.

ஆனால் அதை வைத்து அவனை விட்டிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் செய்தது பேச்சுக்கூட அல்ல, பார்வையைத் திரைக்குத் திருப்பியது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்து விநாடி கீழே பார்த்தால், வண்டி ஏறக்குறைய 55 மீற்றர் பார்வையில்லாமல் ஓடிவிடுகிறது. வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து மரக்கறிப் பைகளோடு வீதியைக் கடப்பவர்களை நாள்தோறும் பார்க்கிறவர்களுக்கு அந்த 55 மீற்றர் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. காருக்குள் கதைப்பவரையும் சட்டம் பிடிக்கட்டும் என்று கேட்பதுதான் முறை, இவனையும் விடட்டும் என்று கேட்பதல்ல.

எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹயர் மணி அடிக்கிறது; திரையில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே போகிறது; அது மறைவதற்குள் தட்டாவிட்டால் ஹயர் அடுத்தவருக்குப் போய்விடும். நகரும் வண்டியில் தொலைபேசியைத் தொட வைப்பது அந்தச் சுருங்கும் வட்டம்; தண்டம் கட்டுவது சாரதி. வண்டி எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்பதெல்லாம் செயலிக்கு விநாடிக்கு விநாடி தெரியும் என்பதால், சில்லு உருண்டுகொண்டிருக்கும்வரை அந்த மணியை நிறுத்தி வைப்பதோ, ஓரத்தில் நிறுத்தும்வரை அவகாசத்தை நீட்டுவதோ அந்த நிறுவனத்துக்கு முடியாத காரியமாக எனக்குத் தோன்றவில்லை. மைத்துனன் இப்போது வண்டியை ஓரங்கட்டிய பிறகுதான் திரையைத் தொடுகிறான், அதனால் ஹயர்களும் கைநழுவிப் போகின்றன. அந்த நட்டத்தை ஏன் அவன் ஒருவனே சுமக்க வேண்டும் என்று சாரதிகளுக்கான உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டோம். பொத்தானைத் தட்டும்போது வீதி விதிகளை மதிக்குமாறு பதில் வந்திருக்கிறது.